ஷாஹின் பானுவுக்கு இளைக்காத ஆறு மாதம்

ஜுலைகா பீவிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று பஸ் ஸ்டாண்ட் வட்டாரத்தில் ஒரு பேர் உண்டு. செருப்பு வாங்க வருகிறவர்களிடம் "இது மழைக்குத் தாங்காது, வேற பாருங்க" என்று அவளே சொல்லிவிடுவாள். கடைக்காரரான புருஷன் பாதுஷா தலையில் அடித்துக்கொள்வார். அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு பொய்யை மட்டும் பதினேழு வருஷமாகப் பொத்திப் பொத்தி வளர்த்துவந்தாள். மகள் ஷாஹின் பானுவுக்கு மூச்சு முட்டுகிற இளைப்பு நோய் இல்லை என்பதுதான் அந்தப் பொய்.

நாலு வயசில் தொடங்கிய இளைப்பு அது. வீடு இருந்த இடம் அப்படி. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்வரிசை; கீழே செருப்புக் கடை, மேலே குடித்தனம். விடியுமுன்பே டிரைவர்கள் வண்டியைக் கிளப்பி உறும விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தப் புகை நேராக மாடிப்படி ஏறி வரும். போதாததற்கு விசைத்தறிகளுக்கு நூல் ஏற்றி வருகிற லாரி, நெய்த துண்டு ஏற்றிப் போகிற லாரி, ரோட்டைத் தோண்டி மூடாமல் விட்டுப்போன மண். பாதுஷா ஒரு நாளைக்கு மூன்று தடவை துணியை எடுத்துக் கடையில் தொங்கும் செருப்புகளைத் துடைப்பார். மூன்றாவது தடவையும் துணி கறுப்பாகத்தான் வரும். செருப்பைத் துடைக்கலாம், பிள்ளையின் நெஞ்சை என்ன செய்வது? மார்கழி வந்துவிட்டால் அவளுடைய நெஞ்சுக்குள் பூனை உறங்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் கண் டாக்டர் என்பாள் ஜுலைகா. டாக்டர் பம்பு எழுதிக்கொடுத்தார். இளைப்பு வரும்போது வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சினால் ஐந்து நிமிஷத்தில் மூச்சு திறந்துவிடும். அந்தப் பம்பு அந்த வீட்டில் இருப்பது மூன்று பேரைத் தவிர நாலாவது ஆளுக்குத் தெரியாது. விருந்தாளி வந்திருக்கும்போது இளைத்தால் ஷாஹின் பானு குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பம்பு அடிக்கவேண்டும்.

பெண்பிள்ளைக்கு இளைப்பு என்று வெளியே கசிந்துவிட்டால் பிறகு யார் கேட்டு வருவார்கள்? அதுதான் ஜுலைகாவின் பயம். அது வெறும் பயமும் இல்லை. புளியங்குடியிலிருந்து ஒரு சம்பந்தமும் கடையநல்லூரிலிருந்து ஒரு சம்பந்தமும் பேச்சு முடிகிற நேரத்தில் நின்றுபோயின. காரணத்தை யாரும் வாயால் சொல்லவில்லை. யாரோ சொல்லிவிட்டார்கள் என்று ஜுலைகா தானே முடிவுகட்டிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் ஊரைப் பூட்டினார்கள்.

பஸ் ஸ்டாண்ட் வாசலைக் கம்பு கட்டி அடைத்தார்கள். தெருவுக்குத் தெரு தடதடத்துக்கொண்டிருந்த விசைத்தறிகள் ஒரே நாளில் அடங்கின. அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஜனங்களுக்குக் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. பாதுஷா முதல் பத்து நாள் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்துக் கிடந்தார். பதினோராவது நாள் பொறுக்கமாட்டாமல் ஷட்டரைப் பாதி தூக்கிச் செருப்புகளைத் துடைக்க உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் துணியும் கையுமாக மாடிக்கு வந்தார்.

"ஏட்டி ஜுலைகா, இங்கன பாரு. பத்து நாளா தொடைக்கல. துணியில அழுக்கே இல்ல."

"மெல்லப் பேசுங்க," என்றாள் ஜுலைகா. அவள் துணியைப் பார்க்கவில்லை. பாயில் படுத்து மத்தியானத் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்த மகளிடம் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நெஞ்சில் சத்தமே இல்லை.

அன்றிலிருந்து அவள் நாளை எண்ண ஆரம்பித்தாள். இருபது நாள், முப்பது நாள். ஊரே வியாபாரம் போச்சு, வேலை போச்சு என்று வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒருத்தி மட்டும் மனசுக்குள் சந்தோஷமாக இருந்தாள். அதை நினைத்து அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது. ரமலான் வந்தது. மற்ற வருஷங்களில் பாதி நோன்பு பம்பினால் முறிந்துவிடும். விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக் கழிக்கவே ஷாஹின் பானுவுக்கு வருஷம் போதாது. அந்த வருஷம் பம்பைத் தொடவே இல்லை. இளைப்பால் ஒரு நோன்புகூட விடவில்லை.

சாயங்காலமானால் மகள் மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். மேற்கே மலை தெரிந்தது. ஒரு நல்ல மழை அடித்து வெறித்த மறுநாள் மட்டும் தெரிகிற மலை, இப்போது தினமும் வந்து நின்றது. மலையில் இருக்கிற மடிப்பும் பள்ளமும்கூடத் தெரிந்தன. ஷாஹின் பானு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வயிறு முட்ட மூச்சு இழுப்பாள், விடுவாள், மறுபடி இழுப்பாள். பசித்த பிள்ளை சோறு தின்கிற மாதிரி அவள் காற்றைத் தின்பதைப் பார்த்துக்கொண்டு ஜுலைகா படிக்கட்டிலேயே நின்றுவிடுவாள்.

"உம்மா, காத்துக்கு ஒரு வாடையும் இல்ல பாத்தீங்களா?"

"ஓதின தண்ணி விடாம குடிச்சேல்லா, அது வேலை செய்யுது. நோன்பும் ஒண்ணும் முறியாமப் பிடிச்சிட்ட. அல்லா கண்ணத் தொறந்துட்டான் மக்கா. ஒனக்குக் கொணமாயிட்டு."

ஷாஹின் பானு சிரித்தாள். கெமிஸ்ட்ரி படித்த பிள்ளை. "அல்லா பஸ்ஸ நிப்பாட்டிருக்கான் உம்மா. தறிய நிப்பாட்டிருக்கான். அவ்வளவுதான். கொணமானது நானில்ல, காத்துதான்."

"வாயில நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?"

ஜுலைகாவுக்கு மகள் சொன்னது புரியாமல் இல்லை. ஆனால் மந்திரித்த தண்ணீர், முனிசிபாலிட்டிக்காரர்கள் ஊற்றிக்கொடுத்த கபசுரக் குடிநீர், நோன்பு, தன் துஆ, வயசு ஏற ஏறச் சரியாகிவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னது, இத்தனையும் சேர்ந்து ஒரு பக்கம் நின்றபோது, பஸ் ஓடவில்லை என்பது மட்டும் இன்னொரு பக்கம் தனியாக நின்றது. அவள் எதை நம்ப ஆசைப்பட்டாளோ அதை நம்பினாள். பெற்றவளைத் திட்டத்தான் தோன்றுகிறது. ஆனால் அந்த இடத்தில் நம்மில் எத்தனை பேர் வேறுமாதிரி நடந்திருப்போம் என்று தெரியவில்லை.

ஜூன் கடைசியில் சம்பந்தம் வந்தது. பையன் ஷாஜித், சார்ஜாவில் வேலை. இரண்டு மாத லீவில் வந்தவன் விமானம் இல்லாமல் ஊரிலேயே மாட்டிக்கொண்டான். திரும்பிப் போகுமுன் நிக்காஹை முடித்துவிட வேண்டும் என்பது அவன் வீட்டாருடைய அவசரம். பையனுடைய வாப்பா முகம்மது யூசுப் அதே ஊரில் எட்டுத் தறிக்குச் சொந்தக்காரர். உம்மா சாஜிதா பானு ஒருநாள் பெண் பார்க்க வந்தாள். ஒல்லியான மனுஷி. மாடிப்படி ஏறி வந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அடக்கமான பொம்பளை என்று ஜுலைகாவுக்கு முதல் பார்வையிலேயே பிடித்துப்போனது. ஷாஹின் பானு டீ கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று மாதத்துக்கு மேலாக நல்ல மூச்சு விட்ட பிள்ளை. கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பு மறைந்து கன்னம் பூசினாற்போல் இருந்தது. சாஜிதா பானு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு பாதுஷாவும் ஜுலைகாவும் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனார்கள். கீழே தறிக்கூடம், மேலே வீடு. எட்டுத் தறியும் பழைய சேலை போர்த்தி வரிசையாக நின்றன. தரை துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு நூல்பிசிறு கிடையாது. சொந்த வீடு, சொந்தத் தறி, வெளிநாட்டில் பையன். ஜுலைகா வாயெல்லாம் பல்லாகத் திரும்பி வந்தாள்.

"கீழ தறியா உம்மா?" என்று கேட்டாள் ஷாஹின் பானு.

"இப்ப எங்கன ஓடுது? எல்லாத்தையும் போத்தி வச்சிருக்காவ."

"ஓடும்லா? ஒரு நாள் ஓடத்தான செய்யும்?"

ஜுலைகா பர்தாவைக் கழற்றி மடிக்க ஆரம்பித்தாள். மகள் விடவில்லை. "அவங்ககிட்ட சொல்லிருங்க உம்மா. இளைப்பு உண்டு, பம்பு அடிக்கணும்னு சொல்லிருங்க. இஷ்டம்னா கெட்டட்டும். இல்லன்னா போட்டும்."

"ஒனக்கு எங்கட்டி இளைப்பு? இந்த மூணு மாசத்துல ஒரு தடவ இளைச்சியா? இல்லாத சீக்க நானே போயிச் சொல்லி, மூணாவது சம்பந்தத்தையும் கலைக்கணுமா?"

பாதுஷா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கடை சாவியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

பக்ரீத் கழிந்த வாரத்தில் நிக்காஹ். மற்ற வருஷம் என்றால் கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் ஊருக்குள் கால் வைக்க இடம் இருக்காது. அந்த வருஷம் கோவிலைச் சுற்றி ஈ காக்காய் இல்லை. ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று போலீஸ்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஐம்பது பேரும் பிரியாணி சாப்பிட்டார்கள்.

புறப்படுமுன் பெட்டி அடுக்கும்போது ஷாஹின் பானு துணிகளுக்கு நடுவில் பம்பை வைத்தாள். ஜுலைகா அதை வெளியே எடுத்தாள். பெண்ணோடு வருகிற பெட்டியை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூடி உட்கார்ந்து திறந்து பார்ப்பார்கள். சேலை எத்தனை, சோப்பு என்ன, சென்ட் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவார்கள்.

"இது மட்டும் இருக்கட்டும் உம்மா."

"எல்லாரும் பாக்கப்பட்ட பெட்டில இதப் போயா வைப்ப? பெறவு நான் கொண்டுவந்து தாரேன்."

ஷாஹின் பானு பம்பு இருந்த இடத்தில் ஒரு சேலையை மடித்து வைத்தாள். நாலரை மாதமாகத் தொடாத சாமான். தனக்கு இனி அது வேண்டாமலே போய்விட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்கும் ஒரு ஆசை இருந்திருக்கும். கல்யாணப் பெண்தானே. பெட்டியை மூடிக்கொண்டாள்.

ஒரு மாதம் நன்றாகப் போயிற்று. செப்டம்பரில் பஸ் விட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் மறுபடி உறுமல், மறுபடி புகை. பாதுஷாவின் துணி பழையபடி கறுத்தது. மேற்கே மலை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி ஒருநாள் காணாமலே போனது. ஷாஜித் விமானம் கிடைத்து சார்ஜா போய்ச் சேர்ந்தான்; சீக்கிரமே விசா எடுத்துக் கூட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். அதே வாரம் அந்த வீட்டில் தறிகளின் மேல் கிடந்த சேலைகளை உருவினார்கள். முதலில் இரண்டு தறி ஓடியது, பிறகு நாலு, மாதக் கடைசியில் எட்டும் ஓடின.

போனில் மகளுடைய பேச்சு நடுநடுவே அறுந்து அறுந்து வந்தது. ஜுலைகாவுக்கு அந்த அறுப்பு தெரியாதா? பதினேழு வருஷமாகக் கேட்ட சத்தம்.

"பஞ்சு பறக்குது உம்மா. மாடிப்படி வழியா... மேல வந்துருது. கட்டிலு, சோறு... எல்லாத்துலயும் கெடக்கு. அத எடுத்துட்டு வாங்க உம்மா."

அன்று திங்கட்கிழமை. சம்பந்தி வீட்டுக்கு ஒரு விசேஷமும் இல்லாமல் திங்கட்கிழமை போய் நின்றால் என்ன ஏது என்று கேட்பார்கள். ஜுலைகா யோசித்தாள். "வெள்ளிக்கிழமை வாரேன் மக்கா. ஜும்மாவுக்குப் பெறவு பிரியாணி ஆக்கிக் கொண்டுவாரேன். அப்படியே பைக்குள்ள போட்டுக் கொண்டாந்திருதேன். அதுவரைக்கும் சுடுதண்ணி குடி. ஜன்னல்பக்கம் உக்காரு."

"சரி உம்மா," என்றாள் ஷாஹின் பானு.

வெள்ளிக்கிழமை வரை அந்தப் பிள்ளைக்குத் தாங்கவில்லை. புதன்கிழமை காலை பத்து மணிக்கு முகம்மது யூசுப் போன் செய்தார். மருமகளுக்கு மூச்சு ஒரு மாதிரியாக இருக்கிறது, உடனே வாருங்கள் என்றார். பாதுஷா கடையைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஜுலைகா பர்தாவை மாட்டிக்கொண்டு ஓடிவந்து பின்னால் ஏறினாள். பாதி வழியில்தான் பம்பு ஞாபகம் வந்தது.

"வண்டியத் திருப்புங்க."

"எதுக்கு?"

எதுக்கு என்று கேட்டதும் அவளுக்குத் தயக்கமாகிவிட்டது. திரும்பிப் போய் வர நேரம் ஆகுமே, முதலில் பிள்ளையைப் பார்ப்போம் என்று நினைத்தாள். "ஒண்ணுமில்ல, போங்க," என்றாள்.

தறிக்கூடத்தில் சத்தம் நின்றிருந்தது. வேலையாட்கள் தெருவில் இறங்கி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார்கள். யார் வாயிலும் வராவிட்டாலும் கொரோனா என்ற வார்த்தை அங்கே நின்றுகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் மூச்சு முட்டுகிறது என்றால் வேறு எதையும் யாரும் நினைக்கவில்லை. மாடியில் ஷாஹின் பானு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றியிருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. உதடு நீலம் பாய்ந்திருந்தது. பக்கத்தில் நின்றவள் சாஜிதா பானு ஒருத்திதான்.

சாஜிதா பானு கதவோரம் நின்ற பாதுஷாவையும் புருஷனையும் பார்த்து, "நீங்க கீழ போயி ஆம்புலன்ஸ் எங்கன வருதுன்னு பாருங்க," என்றாள். அவர்கள் இறங்கியதும் கதவைச் சாத்தினாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிவைத்துக்கொண்டு ஜுலைகாவின் பக்கத்தில் வந்து நின்றாள். குரலை இறக்கிக்கொண்டாள்.

"சம்மந்தி, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லுங்க. பிள்ளைக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டா?"

 சாத்திய கதவு, இறக்கிய குரல், மறைக்காம சொல்லுங்க. கல்யாணமாகி இரண்டு மாதம் முடியவில்லை. ஏமாற்றிக் கட்டிவைத்தீர்களா என்றல்லவா கேட்கிறாள்! பதினேழு வருஷமாக ஜுலைகா எந்தக் கேள்விக்குப் பயந்தாளோ அந்தக் கேள்வி. அதற்கான பதிலும் பதினேழு வருஷமாக நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதுவாகவே வெளியே வந்தது.

"சேச்சே! எங்க வழியிலயே அப்படி ஒரு சீக்கு யாருக்கும் கெடையாது சம்மந்தி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்கமாட்டேன்."

"பெத்த பிள்ளைய இப்படி வச்சுக்கிட்டுப் பொய் சொல்லுவனா?"

சாஜிதா பானு அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி உள் அறைக்குப் போனாள். பீரோ திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஒரு டம்ளரில் சுடுதண்ணீர் ஊற்றினாள்.

ஷாஹின் பானுவுக்குப் பேச முடியவில்லை. கண் மட்டும் உம்மாவின் முகத்தில் இருந்தது. வலது கையைத் தூக்கினாள். கட்டைவிரலைக் கீழேயும் ஆள்காட்டி விரலை மேலேயுமாக வளைத்து வாய்ப்பக்கம் கொண்டுபோய் அழுத்திக் காட்டினாள். பம்பு. கொண்டு வந்தீர்களா? ஜுலைகா அந்தக் கையைச் சட்டென்று பிடித்துத் தன் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் மூடிக்கொண்டாள். சம்பந்தி பார்த்துவிடக் கூடாதே என்றுதான். மூடிய கைக்குள் மகளுடைய விரல் இரண்டும் இன்னொரு தடவை அழுத்தின.

எல்லா ஆம்புலன்சும் கொரோனாக்காரர்களை ஏற்றிக்கொண்டு அலைந்த நாள் அது. வந்து சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. இப்போது சரியாகிவிடும், இதோ வந்துவிடும், எத்தனை தடவை வந்து போன இளைப்பு என்று முதுகைத் தடவிக்கொண்டே ஜுலைகா அந்த முக்கால் மணியையும் போக்கினாள். வண்டிக்குள் ஏறிக் கதவு அடைபட்டதுதான் தாமதம், அவள் கத்தினாள்.

"ஐயா, இளைப்புய்யா! சின்னப் பிள்ளையில இருந்து உண்டு! பம்பு அடிக்கப்பட்ட பிள்ளை! பம்பு வச்சிருந்தா குடுங்கய்யா!"

உடம்பெல்லாம் பிளாஸ்டிக் போர்த்தியிருந்தவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இத மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே மருந்தை ஊற்றிப் புகை மாஸ்க்கை மூக்கில் மாட்டிவிட்டார். ஷாஹின் பானுவின் நெஞ்சில் பூனைச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. மருந்து கேட்கிறது என்று ஜுலைகா நினைத்தாள். சத்தம் குறைந்தது மூச்சு போய்க்கொண்டிருந்ததால்தான் என்பது ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது தெரிந்தது.

பரிசோதனை முடிவு வரவில்லை, அதனால் பிள்ளையின் மய்யித்தைத் திறந்து தரமாட்டோம், பையில் கட்டித்தான் தருவோம் என்றார்கள். ஜமாஅத்திலிருந்து நாலு பையன்கள் கவச உடுப்பு மாட்டிக்கொண்டு வந்து கபருக்கு எடுத்துப்போனார்கள். பெற்றவள் கையால் குளிப்பாட்டவில்லை, முகம் பார்க்கவில்லை. கொரோனா இல்லை என்கிற முடிவு மறுநாள் வந்தது. ஊர் அதை நம்பவில்லை. செருப்புக் கடைக்காரர் மகள் கொரோனாவில் மௌத்தாகிவிட்டாள் என்றே பேசினார்கள். ஜுலைகா யாரிடமும் மறுத்துச் சொல்லவில்லை. பாதுஷா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். மனுஷன் தட்டை எடுத்துக்கொண்டு கீழே கடைக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்.

அடுத்த வருஷம் மே மாதத்தில் மறுபடி ஊரைப் பூட்டினார்கள். மறுபடி பஸ் நின்றது, தறி நின்றது. நாலாம் நாளே காற்று சுத்தமாகிவிட்டது. அதை நெஞ்சுக்குள் இழுக்கும்போதெல்லாம் ஜுலைகாவுக்குக் களவாண்டு தின்கிற மாதிரி இருந்தது. யாருக்கு வேண்டும் இந்தக் காற்று என்று வாய்விட்டே கேட்டாள். மலை தெரிகிறதென்று மேற்கு ஜன்னலை அடைத்துப் போட்டாள்.

ஒரு நாள் முற்பகலில் சாஜிதா பானு வந்தாள். ஆளில்லாத ரோட்டில் தனியாக நடந்து வந்திருக்கிறாள். நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்குப் பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. படி ஏறி வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பேச வாயைத் திறந்தாள், மூச்சு வரவில்லை. பர்தாவுக்குள் கையைவிட்டு எடுத்து, ஜுலைகா பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தி உறிஞ்சினாள். பம்பு.

ஜுலைகா எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்தாள்.

"பதினொரு வருஷமா உண்டு," என்றாள் சாஜிதா பானு, மூச்சு திரும்பியதும். "தறிப் பஞ்சுதான். எங்க வீட்டுல அவங்களுக்கே தெரியாது. ரெண்டு பொம்பளப் பிள்ளையக் கெட்டிக் குடுக்க வேண்டியிருந்து. உம்மாவுக்கு இருந்தா மகளுக்கும் வரும்னு சொல்லுவாவள்லா, அதான் வெளிய விடல. பீரோக்குள்ள வச்சிருந்து யாரும் இல்லாதப்ப அடிச்சிக்கிடுவேன்."

சாஜிதா பானு பம்பை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னைக்கு அந்தப் பிள்ளை நெஞ்சுச் சத்தம் எனக்குக் கேட்டுது. எனக்குத் தெரியாத சத்தமா சம்மந்தி? இளைப்புன்னுதான் நெனச்சேன். அதான் ஆம்பளைகளக் கீழ அனுப்புனேன். அதான் ஒங்ககிட்ட கேட்டேன். நீங்க இல்லவே இல்லன்னு சொன்னிய. அப்ப கொரோனாதான் போலுக்குன்னு... கொரோனாவுக்குப் பம்பு அடிச்சா நெஞ்சு நின்னுரும்னு போன்ல போட்டிருந்தாவ. அதப் பாத்துப் பயந்துட்டேன். எடுத்தா என் கதையும் வெளிய வந்துருமேன்னும் ஒரு நெனப்பு ஓடிச்சி, பொய் சொல்லமாட்டேன். கொண்டுபோயித் திரும்ப பீரோவுல வச்சிட்டேன்."

"திரும்பன்னா?"

"கையிலதான் வச்சிருந்தேன் சம்மந்தி. முந்தானைக்குள்ள. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா பிள்ளை வாயில வச்சிரலாம்னு, கையில வச்சிக்கிட்டுதான் கேட்டேன்."

கீழே பாதுஷா ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது. ஜுலைகாவுக்கு அழுகை வரவில்லை. அவள் நகர்ந்து நகர்ந்து சாஜிதா பானுவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"எந்தக் கையில?" என்று கேட்டாள்.

சாஜிதா பானு வலது கையை நீட்டினாள். ஜுலைகா அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து விரித்துப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைத் தன் வாயின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, "ஆமா சம்மந்தி," என்றாள். "உண்டு. எம்பிள்ளைக்கு இளைப்பு உண்டு. நாலு வயசுலேருந்து உண்டு."

சாஜிதா பானு அழுதுகொண்டே கையை இழுக்கப் பார்த்தாள். ஜுலைகா விடவில்லை. உண்டு, உண்டு என்று அந்தக் கைக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.